வட்டுக்கோட்டைச் செமினரி: கல்வியும் சமயப்பணியும்

பள்ளியை நிறுவுவோர் ஒன்றை எண்ணி நிறுவுவர். அப்பள்ளியில் பயின்றோர் வேறொன்றைச் செய்து முடிப்பர். கல்வி வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல உள. ஆயினும், தமிழ் மக்களின் வரலாற்றில் இவ்வுண்மையை வட்டுக்கோட்டைச் செமினரியைப் போல் விளக்கமாகக் காட்டும் நிலையம் வேறொன்றைக் காண்பது அரிது. 1823 முதல் 1855 வரை முப்பத்திரண்டு ஆண்டுகளே அது நடைபெற்றது. கிறித்தவ சமயத்தைப் பரப்பும் தமிழ் இளைஞர்களை உருவாக்குதற்கென்று அது திறக்கப்பட்டது. அந்நோக்கம் நிறைவேறவில்லை என்று கருதப்பட்டதனாலேயே மூடப்பட்டது. ஆனால் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885ஆம் ஆண்டில் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அச்செமினரியின் மாணவர். அவரோ சைவராக வாழ்ந்து மறைந்தவர். நிறுவியவர்கள் இதனை எதிர்பார்த்திருக்க முடியாது; மூடியவர்கள் இதனை வெற்றிக் கணக்கில் சேர்த்திருக்கவும் மாட்டார்கள். கல்வியும் சமயப்பணியும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டு, பின்னர் ஒன்றையொன்று விட்டு விலகிய அவ்வரலாறு, தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

அமெரிக்கர் வந்த வரலாறு

பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1810ஆம் ஆண்டில் அமெரிக்க வெளிநாட்டு மிஷன் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தின் முதல் ஊழியர்கள் 1812இல் கல்கத்தாவுக்கு வந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை அங்குத் தங்க விடவில்லை. அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். இலங்கையோ கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டதன்று. ஆங்கில முடியின் நேராட்சியில் இருந்தது. ஆதலின் அங்குச் சமயப்பணிக்கு இடமிருந்தது. கடலுக்கு அப்பால் தென்னிந்தியாவில் வழங்கும் தமிழே யாழ்ப்பாணத்திலும் வழங்கியமையால், ஒரு மொழியைக் கற்று இரு நாடுகளில் பணியாற்றலாம் என்ற எண்ணமும் எழுந்தது.

1816ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், எட்வர்ட் வாரன், பெஞ்சமின் மெய்க்ஸ், டானியல் பூர் ஆகியோர் கொழும்பில் வந்திறங்கினர். தேசாதிபதி சர் ராபர்ட் பிரௌன்றிக் அவர்களை ஆதரித்தார். பூரும் வாரனும் தெல்லிப்பழையையும், ரிச்சர்ட்ஸும் மெய்க்ஸும் யாழ்ப்பாண நகருக்கு ஏறத்தாழ ஏழு கல் தொலைவிலுள்ள வட்டுக்கோட்டையையும் பணிக்களங்களாகக் கொண்டனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச் சென்ற பழைய கோயிற் கட்டடங்களைச் செப்பனிட்டு அவற்றிலேயே குடிபுகுந்தனர். சில ஆண்டுகளில் லீவை ஸ்போல்டிங், மைரன் வின்சுலோ, ஹென்றி உட்வர்ட், மருத்துவர் ஜான் ஸ்கடர் ஆகியோரும் வந்து சேர்ந்தனர்.

இவர்கள் எத்தகைய கல்வி மரபிலிருந்து வந்தவர்கள் என்பது அறியத்தக்கது. நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன் கிறித்தவர்கள் கோயிலையும் கல்விக்கூடத்தையும் ஒருங்கே எழுப்பியவர்கள். கற்றறிந்த போதகர் இல்லையேல் சபை தழைக்காது என்பது அவர்கள் கொள்கை. அதனாலேயே 1636ஆம் ஆண்டில் ஹார்வர்ட் தோன்றியது. கல்லூரிக்கு இளைஞரை ஆயத்தம் செய்யும் தனியார் பாடசாலைகளும் ஆங்காங்கு எழுந்தன. அங்கு இலத்தீனும் கணிதமும் ஒரு புறம், நாள்தோறும் வழிபாடு மறுபுறம். பூர் டார்ட்மத் கல்லூரியிலும் ஆண்டோவர் இறையியற் பள்ளியிலும் கற்றவர். மெய்க்ஸ் யேல் கல்லூரியில் பயின்றவர். அவர்கள் உள்ளத்தில் பதிந்திருந்த அந்தப் பள்ளியே பனையும் வயலும் சூழ்ந்த வட்டுக்கோட்டையில் மறுபிறவி எடுத்தது எனலாம்.

படிப்படியாக எழுந்த கல்வி

முதலில் அவர்கள் கிராமந்தோறும் தமிழ்ப் பாடசாலைகளைத் தொடங்கினர். ஆசிரியர்களுட் பலர் சைவர்களே. திண்ணைப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் கற்பித்து வந்தவர்கள், மிஷனிடம் சம்பளம் பெற்று, பழைய பாடங்களோடு வேத பாடத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தனர். அதன் மேற்படியாக, தேர்ந்த பிள்ளைகளைத் தம்மிடத்திலேயே வைத்து உணவும் உடையும் கொடுத்துக் கற்பிக்கும் விடுதிப் பாடசாலைகள் தெல்லிப்பழை முதலிய இடங்களில் அமைந்தன.

விடுதிக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. கிறித்தவர் வளவில் சமைத்த உணவை உண்டால் சாதி கெடும் என்று பெற்றோர் அஞ்சினர். பிள்ளைகள் மிஷன் வளவுக்கு வெளியே உண்டு, உள்ளே வந்து படித்த காலமும் உண்டு. வறுமையும் ஆங்கிலக் கல்வியின் கவர்ச்சியும் அவ்வச்சத்தை மெல்ல மெல்லத் தேய்த்தன. ஆயினும் சாதி மறைந்துவிடவில்லை. பிற்காலத்தில் செமினரியில் பயின்றோருட் பெரும்பாலோர் வேளாளர் குடியினரே. கல்வியின் பயன் ஊரின் எல்லா மக்களுக்கும் சமமாகச் சென்றது என்று கூறுதற்கில்லை.

விடுதிப் பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலிருந்த அன்பர்கள் ஏற்றனர். பொருள் கொடுத்தவர், தாம் ஆதரிக்கும் பிள்ளைக்கு ஒரு பெயரையும் கொடுத்தனுப்பினர். அதனாலேயே யாழ்ப்பாணத்துப் புலவர் வரலாற்றில் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, எவார்ட்ஸ் கனகசபைப்பிள்ளை என்றாற்போன்ற பெயர்கள் காணப்படுகின்றன. கடல் கடந்த ஊரிலிருந்த யாரோ ஒருவரின் பெயர், அளவெட்டியிலும் சுதுமலையிலும் தமிழ்ச் செய்யுள் இயற்றிய புலவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கல்வியைக் கொடுத்த கை, மாணவனின் பெயரையும் தன் உரிமையாகக் கருதிய காலம் அது.

1823ஆம் ஆண்டின் திட்டம்

1823ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தமிழர்க்கும் பிறர்க்கும் ஒரு கல்லூரி அமைக்கும் திட்டத்தை மிஷனரிமார் அச்சிட்டு வெளியிட்டனர். அவ்வாண்டு ஜூலையில் டானியல் பூரின் தலைமையில் வட்டுக்கோட்டையில் மத்திய பாடசாலை தொடங்கியது. அதனைக் கல்லூரியாக்க அவர்கள் பட்டயம் கோரினர். அமெரிக்கர்க்கு அவ்வுரிமையை வழங்க ஆங்கில அரசு இசையவில்லை. புதிய அமெரிக்க ஊழியர்கள் வருவதற்கும் 1820ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டிருந்தது. அச்சுக்கலைஞராக வந்த ஜேம்ஸ் காரெட் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அத்தடை 1833ஆம் ஆண்டில்தான் நீங்கியது. ஆகவே, கல்லூரி என்ற பெயரின்றியே கல்லூரியின் பாடங்களைக் கற்பிக்கத் தலைப்பட்ட அந்நிலையம், 1827 முதல் செமினரி எனப் பெயர் பெற்றது. பிரதம நீதியரசராக இருந்த சர் ரிச்சர்ட் ஒட்லி அதன் பெருந்துணைவர்களுள் ஒருவர். செமினரியின் மண்டபம் அவர் பெயரால் ஒட்லி மண்டபம் என்று வழங்கியது.

அத்திட்டத்தில் இரண்டு குரல்களைக் கேட்கலாம். ஒன்று சமயப்பணியின் குரல். சுதேசிகளே சுதேசிகளுக்குப் போதிக்க வேண்டும். அதற்கு உயர்ந்த கல்வி வேண்டும் என்பது அதன் கருத்து. மற்றொன்று கல்வியின் குரல். ஆங்கிலம், கணிதம், பூமிசாஸ்திரம், வரலாறு, இயற்கைத் தத்துவம், வானசாஸ்திரம் ஆகியவற்றோடு தமிழ் இலக்கியமும் முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும். தகுதியுடைய சிலர்க்கு வடமொழியும், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளும் கற்பிக்கப்படலாம் என்றும் அத்திட்டம் கூறிற்று. தமிழைப் பண்பட்ட மூலமொழிகளுள் ஒன்றாக அது மதித்தது. தமிழில் செய்யுள் மிகுந்து உரைநடை அருகியிருப்பதை ஒரு குறையாக எடுத்துக் காட்டி, நல்ல உரைநடை எழுதவல்ல தமிழ் இளைஞரை உருவாக்குவதையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது.

இந்தியாவில் ஆங்கிலக் கல்வியை அரசின் கொள்கையாக்கிய மெக்காலேயின் குறிப்பு 1835ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. அலெக்சாந்தர் டஃப் கல்கத்தாவில் ஆங்கிலப் பள்ளி தொடங்கியது 1830இல். அவ்விரண்டிற்கும் முற்பட்டது வட்டுக்கோட்டைத் திட்டம். மெக்காலே கீழ்நாட்டு நூல்களை இகழ்ந்து ஒதுக்கினார். வட்டுக்கோட்டையாரோ ஆங்கிலத்தையும் தமிழையும் ஒருங்கே வைத்தனர். ஆயினும் அவர்கள் தமிழ் மொழியை மதித்த அளவுக்குத் தமிழரின் சமயத்தை மதித்தவரல்லர். தமிழைப் புகழ்ந்த அதே ஏடு, புராணங்களைப் பொய்யென்றே கொண்டது. இம்முரண்பாடு செமினரியின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து வந்தது.

வகுப்பறையும் கிரகணமும்

செமினரியில் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் தங்கிப் பயின்றனர். விடியற்காலையில் வழிபாடு; பின்னர்ப் பாடம்; மாலையில் மீண்டும் வழிபாடு. ஒரு வகுப்பில் யூக்ளிடின் கணிதம் நடக்கும். மற்றொன்றில் நன்னூலும் திருக்குறளும் நடக்கும். சர் எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கில உயர் அலுவலர், இலங்கையில் கிறித்தவம் பற்றி 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பவைக்கத் தக்கது இந்நிலையம் என்று பாராட்டியுள்ளார். ஆங்கில அரசு கல்லூரிப் பெயரையும் மறுத்த ஒரு பள்ளிக்கு, அவ்வரசின் அலுவலரே அளித்த சான்று இது.

எல்லாப் பாடங்களிலும் வானசாஸ்திரமே போர்க்களம் ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் கணித்தவர்க்குப் பெருமதிப்பு இருந்தது. கிரகணம் எந்நாழிகையில் பற்றும், எந்நாழிகையில் விடும் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்வது பலித்து வந்தது. அப்பலிதத்தைக் கொண்டே மக்கள் தம் சாத்திரங்கள் அனைத்தும் மெய் என நம்பினர். 1829ஆம் ஆண்டில் நேர்ந்த சந்திரகிரகணத்தைப் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கம் ஒரு கணக்கைக் கூறியது. பூர் ஐரோப்பிய முறைப்படி கணித்து, தொடங்கும் நேரத்திலும் மறைப்பின் அளவிலும் வேறுபாடு இருப்பதாக முன்னரே அறிவித்தார். கிரகணத்தன்று பூரின் கணக்கே பொருந்தியது. அதனைச் சமயப்பணிக்குக் கிடைத்த வெற்றியாக மிஷனரிமார் கொண்டாடினர்.

ஆனால் அவ்வெற்றி எண்ணியபடி பயன் தரவில்லை. பஞ்சாங்கத்தில் சில நாழிகை பிழைத்ததனால் சைவர்கள் சமயத்தைத் துறக்கவில்லை. கணக்கைத் திருத்திக்கொள்ளலாம் என்று அமைந்தனர். மாறாக, மிஷனரிமாரே தமிழர் சாத்திரங்களைக் கற்கும் நிலைக்கு வந்தனர். மறுப்பதற்காகப் படிப்பவனும் முதலில் மாணவனாகத்தான் அமர வேண்டும். பூருக்குப்பின் தலைவரான ஹென்றி ஹொய்சிங்டன் இந்திய வானசாஸ்திரத்தை ஆராய்ந்து, தமிழ் மூலத்தோடும் ஆங்கில விளக்கத்தோடும் 1848ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் இதழில் வெளிவந்தன. சைவத்தை வெல்ல வந்த பள்ளியின் தலைவரால், சைவசித்தாந்தம் அமெரிக்க அறிஞர் அவைக்கு அறிமுகமாயிற்று. கல்வி, சமயப்பணி இட்ட எல்லையைத் தாண்டிச் சென்றதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அச்சும் அகராதியும் எதிர்க்குரலும்

தடை நீங்கியபின் 1834 முதல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கியது. 1841ஆம் ஆண்டு ஜனவரியில் உதயதாரகை என்னும் இதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் செமினரியிற் கற்ற தமிழர்கள். 1842இல் சந்திரசேகர பண்டிதர் முதலியோரின் உழைப்பால், ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்ட மானிப்பாய் அகராதி வெளிவந்தது. நைற் பாதிரியார் தொடங்கி வின்சுலோ முடித்த தமிழ்-ஆங்கில அகராதி 1862ஆம் ஆண்டில் சென்னையில் அச்சாயிற்று. அதில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் உள. கறோல் விசுவநாதபிள்ளை 1855ஆம் ஆண்டில் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். தமிழ் உரைநடை, செய்தித்தாள், அகராதி, அறிவியல் நூல் ஆகிய நான்கு துறைகளும் இச்சிறிய வட்டாரத்தில் ஒரே தலைமுறையில் வேரூன்றின.

இவையெல்லாம் கிறித்தவர் கையில் மட்டும் கருவியாக நின்றுவிடவில்லை. செமினரியின் வளர்ச்சியைக் கண்ட சைவர்கள், 1842ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் கூடித் தமக்கெனப் பாடசாலையும் அச்சகமும் வேண்டும் என்று ஆராய்ந்தனர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பேர்சிவல் பாதிரியாரிடம் கற்ற ஆறுமுக நாவலர், 1848ஆம் ஆண்டில் அவ்வூரில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வகுப்புமுறை, அச்சிட்ட பாடநூல், எளிய உரைநடை, வாரந்தோறும் பிரசங்கம் ஆகிய மிஷன் முறைகள் அனைத்தையும் நாவலர் சைவத்திற்குப் பயன்படுத்தினார். எதிரியின் படைக்கலத்தைக் கையாளக் கற்றவன் எதிரியிடம் கல்வி கற்றவனே. யாழ்ப்பாணத்துக் கல்வி மறுமலர்ச்சி இவ்விரு தரப்பாரின் போட்டியால் எழுந்ததேயன்றி, ஒரு தரப்பாரின் கொடையால் எழுந்ததன்று.

1855: கதவடைப்பு

இவ்வாறு புகழ் வளர்ந்தபோதே பாஸ்டன் நகரில் ஐயமும் வளர்ந்தது. சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் ஒரு கொள்கையை வகுத்திருந்தார். சமயப்பணியின் குறிக்கோள், தன்னைத் தானே நடத்தித் தன் செலவைத் தானே தாங்கித் தன்னைத் தானே பரப்பும் சுதேச சபையை அமைப்பதே. நாகரிகத்தைப் புகுத்துவது மிஷனின் வேலையன்று என்பது அக்கொள்கை. ஆங்கிலக் கல்வி, இளைஞனை அவன் ஊராரிடமிருந்து பிரித்து அரசாங்க உத்தியோகத்துக்கு அனுப்பிவிடுகிறது. கிராமத்துப் போதகனுக்குத் தாய்மொழிக் கல்வியே போதும் என்று அவர் கருதினார்.

1855ஆம் ஆண்டில் அண்டர்சனும் அகஸ்டஸ் தாம்சனும் தூதுக்குழுவாக யாழ்ப்பாணம் வந்தனர். அவ்வாண்டு பிப்பிரவரியிலேயே டானியல் பூர் மானிப்பாயில் வாந்திபேதி நோயால் இறந்துவிட்டார். செமினரியின் பயன்பற்றி ஆராய்ந்த தூதுக்குழு, பயின்றவர் பலர் அரசாங்கச் சேவைக்குச் சென்றதையும், கல்வி முடிந்தபின் பலர் சைவ வாழ்வுக்கே திரும்பியதையும் கண்டது. அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. நிறுவியவரும் நிலையமும் ஒரே ஆண்டில் மறைந்தமை வரலாற்றின் விந்தை.

அண்டர்சனின் முடிவை இன்று எவ்வாறு மதிப்பிடுவது? அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. உத்தியோகத்துக்காக மட்டும் ஆங்கிலம் கற்பவன் தன் ஊருக்கும் மொழிக்கும் அயலானாகி விடுவான் என்ற எச்சரிக்கை பிற்காலத்தில் மெய்யாயிற்று. தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்ற கருத்தும் போற்றத்தக்கதே. ஆனால் அவர் தமிழை உயர்த்தும் பொருட்டு ஆங்கிலத்தை நீக்கினாரல்லர். கல்வியின் உயரத்தைக் குறைக்கும் பொருட்டே நீக்கினார். தமிழ் போதும் என்று அவர் கூறியதன் பொருள், தமிழனுக்கு இவ்வளவு போதும் என்பதே. தாய்மொழி ஏணியாக அமைய வேண்டும். தலைக்கு மேல் தட்டும் கூரையாக அமைந்தால் அதை மக்கள் விரும்பமாட்டார்கள். யாழ்ப்பாணத்து மக்கள் விரும்பவில்லை.

தமிழில் உயர்ந்த அறிவியலைக் கற்பிக்க முடியும் என்பதற்குச் சான்று அயலிலேயே இருந்தது. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. அவர் முயற்சியில் உருவான தமிழ் மருத்துவ நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. அவருக்குத் துணைநின்று மொழிபெயர்த்த தமிழர்கள், ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்றவர்கள். இருமொழிப் புலமை இல்லையேல் அத்தமிழ் நூல்கள் தோன்றியிரா. ஆங்கிலக் கதவை அடைத்தால் தமிழ்க் கல்வி செழிக்கும் என்ற எண்ணம் தவறானது என்பதை இது காட்டுகிறது.

மூடிய பின் விளைந்தவை

செமினரி மூடப்பட்ட இரண்டு ஆண்டுகளில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பி. ஏ. தேர்வை நடத்தியது. அதில் தேறி முதற் பட்டதாரிகளான இருவர் கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஆவர். முன்னவர் செமினரியின் ஆசிரியர். பின்னவர் அதன் மாணவர். தூதுக்குழு மூடிவிட்டுச் சென்ற பள்ளிக்குப் பல்கலைக்கழகம் அளித்த தீர்ப்பு அது.

தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டியில் மிஷன் ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பின்னர்ச் சைவத்தைத் தழுவியவர். சென்னையில் இருந்தபோது அவர் ஏடுகள் செல்லரித்து அழிவதைக் கண்டு மனம் பதைத்து, பதிப்புப் பணியை மேற்கொண்டார். வீரசோழியம் 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும், சூளாமணி 1889இலும் அவர் பதிப்புகளாக வெளிவந்தன. பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்து பதிப்பிக்கும் அவ்வுழைப்பில், ஏட்டுப் புலமையும் செமினரியில் பெற்ற ஆராய்ச்சிப் பயிற்சியும் இணைந்து நின்றன. மறுபுறம், ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை கிறித்தவராகவே வாழ்ந்து உதயதாரகையை நடத்தி, தமிழ்ப் புலவர்களின் வரலாறு கூறும் பாவலர் சரித்திர தீபகத்தை 1886இல் வெளியிட்டார். ஒருவர் சைவர், மற்றவர் கிறித்தவர். இருவரும் செய்தது தமிழ்ப்பணி.

வட்டுக்கோட்டை மக்களும் வாளாவிருக்கவில்லை. செமினரி மூடப்பட்ட மறு ஆண்டே, பழைய மாணவர் ஒருவரால் அவ்வூரில் ஆங்கில உயர்பள்ளி தொடங்கப்பட்டது. 1860களில் பழைய மாணவர்கள் கூடி, தமக்கொரு கல்லூரி வேண்டும் என்று முயன்று பொருள் திரட்டினர். அதன் பயனாக 1872ஆம் ஆண்டில், செமினரி இருந்த இடத்திலேயே, ஹேஸ்டிங்ஸ் பாதிரியாரைத் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. முதற்பள்ளியை அமெரிக்கர் தம் விருப்பப்படி திறந்தனர். தம் விருப்பப்படியே மூடினர். இரண்டாவது பள்ளியோ மண்ணின் மக்கள் கேட்டதனால் எழுந்தது. 1890ஆம் ஆண்டில் சைவர்களும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியை நிறுவினர்.

மலாயாவும் வட்டுக்கோட்டையும்

இவ்வரலாற்றின் ஒரு கிளை மலாயாவரை நீள்கிறது. 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை மலாயாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதனை அமைப்பதில் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர் ஈடுபட்டனர். இலங்கையில் பணியாற்றியபின் சிலாங்கூர் வந்த பொறியியலாளர் ஸ்பூனர், பின்னர் மலாய் நாடுகளின் இருப்புப்பாதைத் தலைவரானார். அவர் காலத்தில் யாழ்ப்பாணத் தமிழர் பெருந்தொகையாக அழைக்கப்பட்டனர். நிலைய அதிபராகவும் எழுத்தராகவும் நில அளவையாளராகவும் அவர்கள் பணியாற்றினர். அவர்கள் வருமுன்பே செமினரி மூடப்பட்டு முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆயினும் அவர்கள் கொண்டுவந்த ஆங்கிலமும் கணிதமும், அச்செமினரி வளர்த்த கல்வி மரபின் வழிவந்தவையே. உத்தியோகத்துக்காக ஊரைவிட்டுச் செல்வர் என்று அண்டர்சன் அஞ்சியது உண்மையாயிற்று. ஆனால் சென்றவர்கள் சென்ற இடத்தில் கோயிலும் பள்ளியும் சங்கமும் அமைத்தனர்.

செமினரியின் வரலாறு தரும் படிப்பினை ஒன்று உண்டு. கல்வி ஒரு நோக்கத்திற்காகக் கொடுக்கப்படலாம். ஆனால் உண்மையான கல்வியாக இருந்தால் அது அந்நோக்கத்தின் காவலில் அடங்கி நில்லாது. நூலை வாசிக்கக் கற்ற மாணவன், ஆசிரியர் கொடுத்த நூலை மட்டும் வாசிப்பதில்லை. இதனை அஞ்சுவோர் பள்ளியை மூடுவர். அறிந்தோர் திறந்து வைப்பர். டானியல் பூரின் பெயரை இன்று யாழ்ப்பாணக் கல்லூரியின் நூலகம் தாங்கி நிற்கிறது. அவர் விரும்பிய அறுவடை முழுவதும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் திறந்த பள்ளியில் தமிழும் கணிதமும் கற்ற பிள்ளைகள், தம் மொழியின் பழைய ஏடுகளை அழிவிலிருந்து மீட்டார்கள். தமிழும் பிறமொழியும் ஒருங்கே உயரக் கற்பிக்கும் ஆசிரியர் எங்கிருப்பினும், எச்சமயத்தவராயினும், அப்பணியின் தொடர்ச்சியே அவர் கையில் உள்ளது.